காஞ்ச ஆளு

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் இடப்பக்கம் உட்கார வேண்டும். காலையில் போகும்போதும் இடப்பக்கம், சாயங்காலம் திரும்பும்போதும் இடப்பக்கம். அதெப்படி, போகும்போது ஒரு பக்கம் வெயில் அடித்தால் வரும்போது மறுபக்கம்தானே அடிக்கும் என்று நான் அண்ணியிடம் வாதாடியிருக்கிறேன். "சூரியன் என்னா ஒரே எடத்துலயா ஒக்காந்திருக்குது? நீ திரும்பி வர்றதுக்குள்ள அதுவும் மேக்கால போயிடுதில்ல? போயிட்டு வந்து பேசு" என்றார். போய் வந்தேன். இரண்டு தடவையும் வலப்பக்கம் உட்கார்ந்தவர்கள்தான் வெயிலில் வெந்தார்கள். அப்புறம் நான் பேசவில்லை.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி இல்லை. விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த பீங்கான் ஷெட்டில் அவருடைய கணவர் சூளைக்காரர். அவர் எல்லோருக்கும் அண்ணன், அதனால் இவர் எல்லோருக்கும் அண்ணி. எங்கள் முதலாளி அவரைவிட வயதில் மூத்தவர், அவரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார். பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களை நான் பார்த்ததில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை.

எங்கள் ஷெட்டில் கொலு பொம்மை செய்தோம். பீங்கான் மாவைக் கரைத்து அச்சில் ஊற்றி, பொம்மையைப் பிரித்தெடுத்து, பலகையில் அடுக்கிக் காய வைத்து, பிறகுதான் சூளைக்கு அனுப்புவோம். சுட்டு வந்த பொம்மைக்குக் கண்ணும் உதடும் எழுதுவது என் வேலை. எந்தப் பலகை சூளைக்குப் போகலாம், எது போகக் கூடாது என்று சொல்வது அண்ணி வேலை. பொம்மையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஈரப் பொம்மை சூளையில் வெடிக்கும். அது வெடித்தால் அக்கம்பக்கத்தில் இருக்கிற நல்ல பொம்மைகளும் சேர்ந்து போகும்.

ஒரு நவராத்திரிக்கு முன்னால் முதலாளிக்கு அவசரம். சென்னையிலிருந்து லாரி வந்து நிற்கப் போகிறது, ஏற்றுங்கள் ஏற்றுங்கள் என்று குதிக்கிறார். அண்ணி ஒரு பலகையைக் கையில் வைத்துக்கொண்டு சூளை வாசலில் போய் நின்றார். "இதுல ஒண்ணு ஈரமா இருக்குதுங்க. அது வெடிச்சா அதோட போவட்டும். பக்கத்துல நிக்கிற பிள்ளையாரு என்னா பாவம் பண்ணுனாரு?" முதலாளி கத்தினார். அண்ணன் நடுவில் நின்றுகொண்டு தலையைச் சொறிந்தார். அண்ணி நகரவில்லை. லாரிக்காரன் பெரியார் நகர் பக்கம் போய் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தும் நகரவில்லை. இப்படி ஒரு பிடிவாதக்காரியுடன் அண்ணன் எப்படிக் குடும்பம் நடத்துகிறார் என்று எனக்கு அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இந்தப் பிடிவாதம் ஷெட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யாராவது கடலுக்குப் போகிறார்கள் என்று காதில் விழுந்துவிட்டால் போதும், அண்ணி வந்துவிடுவார். புதுச்சேரியோ வேளாங்கண்ணியோ மகாபலிபுரமோ, எந்தக் கடலானாலும் சரி. தெரிந்தவர் தெரியாதவர் என்ற கணக்கே கிடையாது. வாட்ஸ்ஆப் வந்த பிறகு இன்னும் மோசம். நீளநீளமாகப் பேசி அனுப்புவார். நடுவில் குக்கர் விசில் கேட்கும், பக்கத்து வீட்டு நாய் குரைக்கும், அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவார்.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். நான், அண்ணி, என்னோடு கண் எழுதுகிற மேரி. மேரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அவள் பேர் வேறு. பக்கத்தில் நல்லூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கழுத்தில் மஞ்சள் காயாத தாலியோடு, மாப்பிள்ளைக்கு ஒட்டினாற்போல நிற்கிறாள். அண்ணி அவளிடம் போய்விட்டார்.

"புதுச்சேரிக்கா?"

"ஆமாங்க."

"பீச்சுக்குப் போவீங்க இல்ல? கொலுசக் கழட்டிப் பையில வை. தாலிய உள்ள போட்டு ஊக்கு குத்திக்க. இந்தப் பொடவையோட தண்ணியில எறங்காத. நனைஞ்ச பொடவ காலக் கட்டிப் போட்டுடும். சுடிதார் எடுத்தாந்திருக்கியா?"

அந்தப் பெண் தலையாட்டினாள். மாப்பிள்ளை வேறு பக்கம் பார்த்தான். அண்ணி விடுவாரா?

"தம்பி, போட்டோ எடுக்கறப்ப பொண்ண கடலுக்கு முதுகு காட்டி நிக்க வெக்காத. பக்கவாட்டுல நிக்க வையி. கடலும் தெரியும், மூஞ்சும் தெரியும். கல்லு கொட்டியிருக்குற கரையில கல்லு மேல ஏறாத, பாசி புடிச்சிருக்கும். வெயில் ஏறுனதும் மணல்ல வெறுங்கால வெக்க முடியாது, செருப்ப தூரமா வுட்டுட்டுப் போவாத. அப்புறம், ரெண்டு பேரும் ஒண்ணா எறங்காதீங்க. ஒருத்தரு எறங்குனா ஒருத்தரு கரையில நிக்கணும்."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப எதுக்குங்க ரெண்டு பேரும் ஒண்ணா போவணும்?"

"ஒண்ணா திரும்பி வர்றதுக்குத்தான்" என்றார் அண்ணி.

மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பையனும் சிரித்துவிட்டான். பஸ் வந்ததும் அந்தப் பெண் ஏறி இடப்பக்கம் உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

கரையில் நிற்கிற அந்த ஒருத்தருக்கு அண்ணி வைத்த பேர்தான் காஞ்ச ஆளு. எத்தனை பேர் போனாலும் ஒருவர் காய்ந்தே இருக்க வேண்டும். காஞ்ச ஆளு தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. போன் பார்க்கக் கூடாது. சுண்டல் வாங்கப் போகக் கூடாது. தண்ணீரில் இருக்கிற தலைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என்ன நடந்தாலும் காஞ்ச ஆளு இறங்கவே கூடாது. "அவளும் எறங்கிட்டா, யாரு எங்க இருக்காங்கன்னு சொல்றதுக்கு ஆளு ஏது?" என்பார். வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு போய்விட்டு வந்த மேரியிடம் அண்ணி கேட்ட முதல் கேள்வி, மாதா தரிசனம் நல்லபடி ஆச்சா என்பது இல்லை. "யாரு காஞ்ச ஆளு?" என்றுதான் கேட்டார். மேரி முழித்தாள். அவள் வாங்கி வந்த இனிப்புப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் அன்று பூராவும் திட்டு.

சேத்தியாத்தோப்பில் வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவருக்குக் கடல் மேல் எப்படி இத்தனை எச்சரிக்கை என்று ஒரு முறை கேட்டேன். பெரிதாக ஏதோ கதை வரும் என்று எதிர்பார்த்தேன். "ஒரு கதையும் இல்லடி. கல்யாணமான புதுசுல இவங்க வூட்டு ஆளுங்களோட போனேன். புதுப் பொடவ, நனைஞ்சா சாயம் போயிடும்னு நான் மட்டும் எறங்கல. பையைப் பாத்துக்கிட்டு நின்னேன். தண்ணிக்குள்ள இருக்கறவங்க ஒருத்தர ஒருத்தரு பாக்கறதே இல்லன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. எல்லாம் அவங்கவங்க அலையத்தான் பாக்குதுங்க." அவ்வளவுதான் விஷயம். சாயம் போகிற புடவையிலிருந்து வந்த ஞானம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பாடம் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்பட்டது. எங்கள் ஆறு மணிமுத்தாறு. வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான் ஓடும். மாசி மகத்துக்கு இருக்கிற தண்ணீரில் ஊரே இறங்கும். இறங்கி, மூக்கைப் பிடித்து, கண்ணை இறுக்கி மூடி, மூன்று முழுக்கு. சாமி எந்தத் திசையில் இருந்தாலும் எங்கள் ஆட்கள் முழுக்குப் போடுவது துணிமூட்டை இருக்கிற கரையைப் பார்த்துத்தான். செருப்பு போய்விடுமே என்ற கவலை. இந்தப் பழக்கத்தை அப்படியே கடலுக்கும் கொண்டுபோவார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடி, குனிந்து முழுகுகிறவனைக் கடல் என்ன செய்யும்? "ஆத்துல நாமதான் முழுகணும். கடலு அதுவே வந்து நம்மள நனைச்சிட்டுப் போவும், சும்மா அதப் பாத்து நில்லுங்க, போதும்" என்று அண்ணி தலைபாடாக அடித்துக்கொள்வார்.

அந்த வருஷம் நவராத்திரி வியாபாரம் முடிந்து, ஆயுத பூஜை பொரியும் தின்று முடித்து, முதலாளி எங்களை வேனில் புதுச்சேரிக்கு அழைத்துப் போனார். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நகரத்தைத் தாண்டி வடக்கே, மணல் இருக்கிற ஒரு கரைக்குப் போனோம். மீனவர்கள் சிலர் படகு நிழலில் உட்கார்ந்து வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி பிறக்கிற சமயம், கடல் கொஞ்சம் கலங்கலாக இருந்தது.

வேனை விட்டு இறங்குவதற்கு முன்பே அண்ணி எல்லாம் சொல்லி முடித்துவிட்டார். கொலுசு, ஊக்கு, செருப்பு, முதுகு, முழுக்கு. முட்டிக்கு மேல் யாரும் போகக் கூடாது என்றார். பிறகு மணல்மேட்டில், பைகளுக்கும் செருப்புகளுக்கும் நடுவில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் நின்றார். அன்றைக்கும் அவர்தான் காஞ்ச ஆளு.

அண்ணனுக்குப் பெண்டாட்டியைச் சீண்டாவிட்டால் அன்றைய பொழுது போகாது. "இவ சொல்றதக் கேட்டா கடலு நம்மள முழுங்கத்தான் காத்துக்கிட்டு இருக்குதுன்னு நெனப்பீங்க. பொறந்ததுலேருந்து மணிமுத்தாத்துல முழுக்குப் போட்டவன்டா நானு" என்று ஆண்களிடம் சொல்லிக்கொண்டே இறங்கினார். மற்றவர்களைத் தாண்டி இரண்டடி உள்ளே போனார். கரையைப் பார்த்துத் திரும்பி, அண்ணிக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

"திரும்புங்க. கடலப் பாத்துத் திரும்புங்க" என்று அண்ணி சத்தம் போட்டார்.

அண்ணன் மூக்கைப் பிடித்தார். ஒரு முழுக்கு. எழுந்து தலையை உதறினார். இரண்டாவது முழுக்கு. மூன்றாவதற்குக் குனிந்தபோது பின்னாலிருந்து ஒரு அலை அவர் மேல் ஏறி வந்து விழுந்தது. நுரை எங்கள் கால் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பியது. அவர் நின்ற இடத்தில் யாருமே இல்லை. எழுந்திருப்பார், எழுந்து இன்னொரு கும்பிடு போடுவார் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பார்த்தால் தலை வெகுதூரத்தில் தெரிகிறது. கை ஒன்று மேலே வந்து உள்ளே போகிறது.

நான் அலறிக்கொண்டு அண்ணியிடம் ஓடினேன். அண்ணி வலது கையை நேராக நீட்டியிருந்தார். விரல் அண்ணன் தலையைக் காட்டிக்கொண்டிருந்தது. முகம் என் பக்கம் திரும்பவில்லை.

"எல்லாரையும் வெளியில வரச் சொல்லு. யாரும் உள்ள போவக் கூடாது. நீ ஓடிப் போயி வலைக்காரங்களக் கூட்டியா."

சோறு எடுத்து வை என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். நான் ஓடினேன். மணலில் ஓடுவது எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மீனவர்கள் நான் சொல்லி முடிக்கும் முன்பே எழுந்து ஃபைபர் படகைத் தள்ள ஆரம்பித்தார்கள். ஒருவர் மட்டும், "எங்கம்மா?" என்று கேட்டார். எனக்குக் கடலைப் பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுபோல் இருந்தது. "அங்க நிக்கிறாங்க பாருங்க, அவங்க காட்டுறாங்க" என்றேன். அவர் அண்ணியைப் பார்த்தார். "அந்தம்மா கையப் பாத்துப் போடா" என்று படகில் ஏறினவனிடம் சொன்னார்.

நான் திரும்பி வரும்போது மேரி அண்ணியின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "போறாரு அண்ணி, உங்க புருஷன் போறாரு. நின்னு கை காட்டிக்கிட்டு இருக்கீங்களே, நீங்கல்லாம் பொம்பளையா?" அழுகையும் ஆத்திரமுமாகக் கத்துகிறாள். சுற்றி நின்றவர்கள் முகத்திலும் அதே கேள்விதான். கட்டின புருஷன் கடலில் போகும்போது, காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் ஒருத்தி நிற்க முடியுமா?

அண்ணி சொன்னது ஒன்றே ஒன்றுதான். "மேரி, எம்முன்னால நிக்காத. மறைக்குது."

நான் மேரியை இழுத்து என்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அண்ணியின் கை மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்தது. படகில் நின்றவர் அலைக்கு ஒரு தரம் திரும்பிக் கையைப் பார்த்தார். கை போன பக்கம் படகு திரும்பியது. அண்ணி கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் துடைக்க இன்னொரு கையைக்கூட அவர் தூக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

படகிலிருந்து ஒருவர் குதித்தார். சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கரையில் கொண்டுவந்து போட்டு, குப்புறப் புரட்டி, அண்ணன் வாய் வழியாகத் தண்ணீர் வந்து, இருமல் வந்தது. இருமல் சத்தத்தைக் கேட்டு அத்தனை பேரும் சாமியைக் கூப்பிட்டு அழுததை அன்றைக்குத்தான் கேட்டேன். முதலாளி மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த மீனவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிங்க இத்தினி தண்ணியில தலையக் கண்டுபுடிச்சீங்க?" என்றார்.

"நாங்க எங்கங்க தலையப் பாத்தோம்? அந்தம்மா கையப் பாத்துத்தான் போனோம்" என்றார் அவர்.

திரும்பிப் பார்த்தேன். அண்ணி இன்னும் அங்கேதான் நின்றார். கை இன்னும் கடலைக் காட்டிக்கொண்டிருந்தது.

"வந்துட்டாருங்க அண்ணி. கைய எறக்குங்க."

"எறங்க மாட்டேங்குதுடி" என்றார்.

நான்தான் அந்தக் கையைப் பிடித்து, தோளை நீவி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட்டேன். விறைத்துப் போயிருந்தது. கை இறங்கிய பிறகுதான் அவர் அண்ணனிடம் ஓடினார்.

அண்ணனை ஆஸ்பத்திரியில் காட்டி, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? திட்டக்குடியில் இருந்து வந்த அண்ணனின் அக்கா, "எந்தம்பி சாவக் கெடக்கறப்ப இவ நின்னு வேடிக்க பாத்தாளாமே" என்று ஷெட் வாசலிலேயே கேட்டார். அண்ணி, "டீ குடிக்கிறீங்களா?" என்றார். மேரி மட்டும் வெட்கத்தில் அவர் இருக்கிற பக்கமே வராமல் கொஞ்ச காலம் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அண்ணியே அவள் தட்டில் இரண்டு இட்லியை வைத்து, "சாப்புடு, மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காத" என்று சொல்லி அதை முடித்து வைத்தார்.

அண்ணன் சூளை வேலையை விட்ட பிறகு அவர்கள் மகனோடு ஓசூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அதற்கு முன்னால், கார்த்திகை மாத மழையில் பொம்மைகள் காயாமல் வேலை இல்லாமல் நானும் அண்ணியும் பலகைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். "உங்களுக்கு என்னா கண்ணு அண்ணி! அந்த அலையில கடுகு மாதிரி தெரிஞ்ச தலைய கடைசி வரைக்கும் வுடலியே நீங்க. நான் இருந்தா ரெண்டாவது அலையிலயே வுட்டிருப்பேன்."

அண்ணி ஒரு பொம்மையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பலகையில் வைத்தார்.

"கடைசி வரைக்கும் எங்கடி பாத்தேன்? மேரி வந்து உலுக்குனா பாரு, அப்பவே போயிடுச்சி. அவ விலகுனப்புறம் பாத்தா தண்ணிதான் இருக்குது. தலை இல்ல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் எதக் காட்டிக்கிட்டு இருந்தீங்க?"

"ஒண்ணியும் இல்ல. அதுக்கு முன்னால அவரு தெக்கால போயிட்டு இருந்தாரு. அதே வேகத்துல போயிருந்தா எங்க இருப்பாருன்னு நெனச்சி நெனச்சி கைய நகத்திக்கிட்டே இருந்தேன். அவங்க என் கையத்தான திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க? நான் எறக்கிட்டா படகும் திரும்பிடும். எறக்குனா, அவரு இல்லன்னு என் வாயால நானே சொன்ன மாதிரி ஆயிடாதா?"

ஒன்றுமே இல்லாத தண்ணீரை, அழுதுகொண்டே, அசையாத கையால் அத்தனை நேரம் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார் இந்த மனுஷி. அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. அதற்குள் வெளியே குடையை மடக்குகிற சத்தம் கேட்டது. மேரி வருகிறாள். அண்ணி என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"இத அவகிட்ட சொல்லிடாத. அவளாலதான் தலை மறைஞ்சதுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."